கர்ணம் எது? செங்கோண முக்கோணத்தில் தெரியாத பக்கத்தைக் கண்டுபிடிக்கும் வழி

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்துக்கு ஷீட் கூரை போட்டோம். தரையில் டேப் பிடித்து அளந்தேன், 12 அடி வந்தது. 12 அடி ஷீட்டே வாங்கிவிட்டேன். ஒரு பக்கம் மூன்றரை அடி உயர்த்தி, கூரையைச் சரிவாகத்தான் போடப்போகிறோம் என்று தெரியும். ஆனால் சரிவின் நீளம் தரையின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது அந்த நேரத்தில் மனதில் படவில்லை. ஷீட் அரை அடி குறைந்துபோனது. அந்த ஐப்பசி மழை முழுக்கச் சுவரோரம் உள்ளேதான் இறங்கியது.

பத்தாம் வகுப்பில் இதே கணக்கை நான் சரியாகப் போட்டவன்தான். பரீட்சைத் தாளில் முக்கோணத்தை வரைந்தே கொடுத்துவிடுவார்கள். மாடியில் அதை நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இல்லாமல், வீடு கட்டுகிறவர்கள், பாலிடெக்னிக் சேர்ந்திருப்பவர்கள், கணக்கை விட்டுப் பல வருடம் ஆனவர்கள் என எல்லோரையும் நினைத்து எழுதுகிறேன். கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம், அப்புறம்தான் கணக்கு

எதைக் கண்டுபிடிக்கப் போனாலும் ஒரு முக்கோணம் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்த மூலை 90 டிகிரியோ அங்கே ஒரு சின்னச் சதுரம் போடுங்கள். சுவரும் தரையும் சேரும் இடம், தூணும் தளமும் சேரும் இடம், மனையின் மூலை: நம்மைச் சுற்றி இருக்கும் செங்கோணங்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

அந்தச் சதுரத்துக்கு நேர் எதிரே இருக்கும் பக்கம்தான் கர்ணம். மூன்றில் நீளமானது எப்போதும் அதுதான். ஏணி, சரிவுக் கூரை, மனையின் மூலைக்கு மூலை இழுத்த நூல் எல்லாம் கர்ணம். மற்ற இரண்டு பக்கங்களும் செங்கோணத்தை உண்டாக்கும் பக்கங்கள்.

படத்தில் கர்ணத்துக்குப் பக்கத்தில் 'க' என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பெரும்பங்கு, கர்ணம் எது என்று பார்க்காமல் எண்களை எடுத்து வர்க்கப்படுத்த ஆரம்பிப்பதால் வருவது. படம் சாய்ந்திருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் சின்னச் சதுரத்துக்கு எதிரே பாருங்கள், கர்ணம் அங்கே இருக்கும்.

இரண்டு பக்கம் தெரிந்தால்

பிதாகரஸ் தேற்றம் சொல்வது இதுதான்: செங்கோணத்தை உண்டாக்கும் இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும். கர்ணத்தைத் தேடினால் கூட்ட வேண்டும். கர்ணம் தெரிந்து மற்றொரு பக்கத்தைத் தேடினால் கழிக்க வேண்டும். கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

என் கூரையையே எடுத்துக்கொள்வோம். தரை 12 அடி, உயர வித்தியாசம் 3.5 அடி. ஷீட்தான் கர்ணம், ஆகவே கூட்டல். 12 × 12 = 144. 3.5 × 3.5 = 12.25. கூட்டினால் 156.25. அதன் வர்க்கமூலம் 12.5. ஷீட் பன்னிரண்டரை அடி இருந்திருக்க வேண்டும். தண்ணீர் சுவரைத் தாண்டி விழ வெளியே ஒரு அடி நீட்டுவதென்றால் பதின்மூன்றரை அடி. தாளில் ஒரு நிமிட வேலை இது.

இப்போது கழித்தல். 10 அடி ஏணி. அடிப்பகுதியைச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி வைக்கிறீர்கள். சுவரில் எவ்வளவு உயரம் எட்டும்? ஏணிதான் கர்ணம், அது தெரியும். 100-லிருந்து 6.25 கழித்தால் 93.75. வர்க்கமூலம் சுமார் 9.68. சன்ஷேடு ஒன்பதரை அடியில் இருந்தால் ஏணி அதைத் தொட்டு இரண்டு அங்குலம் மேலே நிற்கும். ஏறி இறங்க அது போதாது, நீளமான ஏணியாகப் பாருங்கள். ஏணியின் அடி எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதற்கும் ஒரு நல்ல வழக்கம் உண்டு: நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 9.68 அடி என்றால் 9 அடி 6.8 அங்குலம் ஆகாது. நம் ஊரில் ஆள் உயரத்தை 5.6 என்று எழுதி ஐந்தடி ஆறு அங்குலம் என்று படிக்கிற பழக்கம் இருப்பதால் இந்தப் பிசகு சுலபமாக வந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 12-ஆல் பெருக்குங்கள். 0.68 × 12 = 8.16. ஆகவே 9 அடி 8 அங்குலம். கால்குலேட்டர் விடையை அப்படியே ஆசாரியிடம் சொன்னால் மரம் தவறான அளவில் அறுபடும்.

இன்னொரு பிழை: சிலர் வர்க்கப்படுத்திக் கூட்டும் வேலையை விட்டுவிட்டு 12-ஐயும் 3.5-ஐயும் நேராகக் கூட்டி 15.5 என்பார்கள். தரையில் நடந்து, தூணில் ஏறிப் போகிற தூரம்தான் 15.5. குறுக்கே போகிற தூரம் அதைவிடக் கட்டாயம் குறைவாக இருக்கும். விடை வந்ததும் இதைப் பாருங்கள்: கர்ணம் மற்ற இரண்டில் பெரியதைவிடப் பெரிதாகவும், இரண்டையும் கூட்டினால் வருவதைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே போனால் எங்கோ தவறு.

வர்க்கமூலம் கையால்

கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பரீட்சை அறையில் கைபேசி கிடையாது. அதோடு, கையால் ஒருமுறை எடுத்துப் பழகியவர்களுக்கு விடை எந்தப் பக்கம் வரும் என்று ஒரு கணிப்பு வந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. 40-க்கு 60 என்று ஒரு மனை இருந்தால் மூலைக்கு மூலை எவ்வளவு? 1600 + 3600 = 5200. இதன் வர்க்கமூலம் வேண்டும்.

70-ன் வர்க்கம் 4900. 72-ன் வர்க்கம் 5184. 73-ன் வர்க்கம் 5329, தாண்டிவிட்டது. ஆகவே 72-ம் கொஞ்சமும். எவ்வளவு கொஞ்சம்? 5200-லிருந்து 5184 போக மீதி 16. இந்த மீதியை 72-ன் இரட்டிப்பான 144-ஆல் வகுங்கள். 0.11 வரும். விடை 72.11 அடி, அதாவது 72 அடி 1 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், இதேதான் வரும்.

அவ்வளவுதான் முறை: கிட்டத்தில் இருக்கும் முழு வர்க்கத்தைப் பிடி, மீதியை எடு, பிடித்த எண்ணின் இரட்டிப்பால் வகு, சேர். கீழே இருக்கும் வர்க்கத்துக்குப் பதில் மேலே இருப்பது கிட்டமாக இருந்தால் அதைப் பிடித்துக் கழியுங்கள். ஏணிக் கணக்கில் 9.7-ன் வர்க்கம் 94.09. அது 93.75-ஐவிட 0.34 அதிகம். 0.34-ஐ 19.4-ஆல் வகுத்தால் 0.0175. 9.7-லிருந்து அதைக் கழித்தால் 9.68.

மேஸ்திரியின் மூணு நாலு அஞ்சு

அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி, 30-க்கு 40 ஆக இருந்தால் கணக்கு இனிமையாக விழும். 900 + 1600 = 2500. மூலைக்கு மூலை சரியாக 50 அடி. 3, 4, 5 என்ற முக்கோணத்தைப் பத்து மடங்கு பெருக்கியது இது.

அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போடும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். மனையின் ஒரு ஓரத்தில் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுவார்கள். மூலைக்குச்சியிலிருந்து அந்த நூலில் 3 அடி அளந்து பேனாவால் ஒரு கோடு. அடுத்த பக்கத்து நூலில் 4 அடிக்கு ஒரு கோடு. பிறகு இரண்டு கோடுகளுக்கும் நடுவே டேப்பைக் குறுக்கே பிடிப்பார்கள். நான் பார்த்த மேஸ்திரி டேப்பின் நுனியைச் சித்தாளிடம் கொடுத்து, "ஆட்டாத, கோட்டு மேல அழுத்திப் பிடி" என்றார். டேப் 4 அடி 11 அங்குலம் காட்டியது. நான்கடி நூலின் கடைசிக் குச்சியைப் பிடுங்கிக் கொஞ்சம் வெளியே தள்ளி அடித்தார். மறுபடி அளந்தார். 5 அடி. "மூலை நின்னுடுச்சு சார்" என்றார். பிறகு 6, 8, 10 என்று இன்னொரு முறை பார்த்தார். அளவு பெரிதானால் பிசகு சிறிதாகும். மூலைமட்டம் என்ற L வடிவக் கருவியை வைத்தும் பார்க்கலாம்தான், ஆனால் அதன் கை நீளம் சின்னது. பெரிய மூலைக்கு நூலும் டேப்புமே நம்பகமானவை.

இது தேற்றத்தைத் திருப்பிப் பயன்படுத்துவது. மூன்று பக்கங்களும் அந்தக் கணக்குக்குப் பொருந்தினால் மூலை செங்கோணம் என்று அர்த்தம். பொருந்தாவிட்டால் செங்கோணம் இல்லை. 30-க்கு 40 என்று சொல்லும் மனையில் மூலைக்கு மூலை ஐம்பதரை அடி வந்தால் என்ன ஆகும்? அரை அடிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்த மூலை 91 டிகிரியைத் தாண்டி விரிந்திருக்கிறது. 40 அடிச் சுவர் கடைசி முனையில் சுமார் 10 அங்குலம் வெளியே சாய்ந்து போகும். டைல்ஸ் ஒட்டும்போதுதான் அது பல்லைக் காட்டும். பத்திரத்தில் நான்கு பக்க அளவு மட்டும் இருந்தால் போதாது, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்து வையுங்கள். செவ்வகமாக இருந்தால் இரண்டும் சமமாக வரும்.

5-12-13, 8-15-17, 7-24-25 ஆகியவையும் மனதில் இருக்கட்டும். என் கூரை 7-24-25-ன் பாதி.

வாட்ஸ்அப்பில் வரும் குறுக்கு வழி

வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் காணும் பழந்தமிழ் முறை என்று ஒன்று குடும்பக் குழுக்களில் அடிக்கடி வரும். நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, மீதியோடு குட்டைப் பக்கத்தின் பாதியைச் சேர், வருவது கர்ணம் என்பார்கள். அது எவ்வளவு பழையது என்ற பேச்சுக்கு நான் போகவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம், ஏனென்றால் பிள்ளைகள் இதைப் பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள்.

4-ம் 3-ம்: மூன்றரையும் ஒன்றரையும் 5. சரி. 12-ம் 5-ம்: பத்தரையும் இரண்டரையும் 13. சரி. பார்க்க அபாரமாக இருக்கிறது. 15-ம் 8-ம் போட்டால் 17.125 வருகிறது, வர வேண்டியது 17. கொஞ்சம்தான் பிசகு. 60-ம் 40-ம் போட்டால் 72.5, உண்மை 72.11. இங்கே கிட்டத்தட்ட 5 அங்குலம் விலகிவிட்டது. என் கூரைக்கு 12.25 வருகிறது, 3 அங்குலம் குறைவு.

இன்னும் ஒன்று. ரோடு போடப் போட உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகும் ஊர் இது. அதனால் புதுவீடுகளைத் தூக்கித்தான் கட்டுகிறோம். வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்குச் சக்கர நாற்காலி ஏற, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 18 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். அதன் சரிவு நீளத்தை இந்தக் குறுக்கு வழியில் போட்டால் 15.75 + 0.75 = 16.5 அடி. கர்ணம் தரையைவிடக் குறைகிறது! அது நடக்கவே முடியாது. சரியான விடை 18.06. (சரிவு இவ்வளவு தணிவாக இருந்தால் கர்ணமும் தரையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதையும் இங்கே பாருங்கள். ஒன்றரை அடி ஏறியும் கூடியது முக்கால் அங்குலம்.)

அல்ஜீப்ரா போட்டால் விஷயம் தெளிவாகும். இந்த வழி துல்லியமாகப் பொருந்துவது இரண்டே விகிதங்களுக்கு: 4-க்கு 3, 12-க்கு 5. அந்த இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், வெளியே போனால் குறைத்துக் காட்டும். வகுத்தலும் கூட்டல் கழித்தலும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டே வந்த மூளையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். உத்தேசக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளிலும் வெட்டப்போகும் பைப்பிலும் வேண்டாம்.

ஒரு பக்கமும் ஒரு கோணமும் மட்டும் தெரிந்தால்

இங்கே பிதாகரஸ் உதவ மாட்டார். முக்கோணவியல் வேண்டும். அதிலும் இரண்டு முக்கோணங்களுக்குக் கால்குலேட்டரே தேவையில்லை.

45 டிகிரி: இரண்டு பக்கமும் சமம், கர்ணம் அதைப்போல் 1.414 மடங்கு. கேரம் போர்டின் ஆடும் சதுரம் 29 அங்குலம் என்றால் மூலைப் பையிலிருந்து எதிர்மூலைக்கு 41 அங்குலம்.

30-60 டிகிரி: 30 டிகிரிக்கு எதிரே இருக்கும் பக்கம் கர்ணத்தில் சரிபாதி. 60-க்கு எதிரே இருப்பது அந்தக் குட்டைப் பக்கத்தைப்போல் 1.732 மடங்கு. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறந்தது, உயரம் 177 அடி. உங்கள் கண் தரையிலிருந்து 5 அடி என்று வைத்தால், கண்ணுக்கு மேலே 172 அடி. உச்சியைப் பார்க்கக் கண்மட்டத்திலிருந்து மேலே தூக்கும் கோணம், அதாவது ஏற்றக்கோணம், 45 டிகிரி என்றால் நீங்கள் 172 அடி தள்ளி நிற்கிறீர்கள். பின்னால் போய்க்கொண்டே இருந்து கோணம் 30 டிகிரி ஆனால் 172 × 1.732, அதாவது சுமார் 298 அடி. கோணம் பாதிகூடக் குறையவில்லை, தூரம் ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிட்டது.

மற்ற கோணங்களுக்கு சைன், காஸ், டேன். தெரிந்த கோணத்தின் மேல் விரலை வையுங்கள். விரலுக்கு நேர் எதிரே இருப்பது எதிர்ப்பக்கம். விரலைத் தொட்டுக்கொண்டு, கர்ணமாக இல்லாமல் இருப்பது அடுத்துள்ள பக்கம். கோணம் மாறினால் இந்தப் பெயர்கள் இடம் மாறும், கர்ணம் மட்டும் மாறாது.

சைன் = எதிர் ÷ கர்ணம்
காஸ் = அடுத்துள்ளது ÷ கர்ணம்
டேன் = எதிர் ÷ அடுத்துள்ளது

எதைத் தேர்ந்தெடுப்பது? தெரிந்த பக்கம் எது, தேடும் பக்கம் எது என்று பாருங்கள். அந்த இரண்டும் எந்த வரியில் சேர்ந்து வருகின்றனவோ அதை எடுங்கள். கர்ணம் சம்பந்தப்படவே இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டேன்.

தென்னை மரத்தின் உயரம் வேண்டும். மரத்திலிருந்து 20 அடி தள்ளி நிற்கிறீர்கள். கைபேசியில் கோணம் அளக்கும் செயலி, குருத்தைப் பார்க்க 50 டிகிரி காட்டுகிறது. தெரிந்தது அடுத்துள்ள பக்கம், தேடுவது எதிர்ப்பக்கம், ஆகவே டேன். டேன் 50 = 1.192. இருபதால் பெருக்கினால் 23.8. கண் உயரம் 5 அடி சேர்த்தால் 28.8 அடி. கண் உயரத்தைச் சேர்க்க மறப்பது பரீட்சையிலும் வெளியிலும் நடக்கும் பிழை.

தேடும் பக்கம் கீழே வகுக்கும் இடத்தில் வந்தால் பெருக்காமல் வகுக்க வேண்டும். ஏணி 9 அடி உயரத்தைத் தொட வேண்டும், தரையோடு 75 டிகிரி சாய்வு, ஏணி நீளம் என்ன? சைன் 75 = 9 ÷ கர்ணம். சைன் 75 என்பது 0.966. ஆகவே கர்ணம் = 9 ÷ 0.966 = 9.32 அடி. பெருக்கியிருந்தால் 8.69 வந்திருக்கும், சுவரைவிடக் குட்டையான ஏணி. பார்த்ததும் தவறு என்று தெரிந்துவிடும்.

கால்குலேட்டரைத் தொடும் முன் சைன் 30 போடுங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. -0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றுங்கள்.

ஒரு பக்கமும் கோணங்களும் போதும் என்ற இந்தக் கருத்தின் பலம் என்ன என்று சென்னைப் பரங்கிமலையில் நின்றால் தெரியும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, நாட்டை அளக்கும் பணிக்காக, அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரே ஒரு கோட்டைத் தரையில் சங்கிலி வைத்து அளக்க ஆரம்பித்தார். அதைப் பக்கமாக வைத்துக் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வடக்கே இமயம் வரை கணக்குப் போனது. அவை எல்லாம் செங்கோண முக்கோணங்கள் இல்லைதான். ஆனால் எந்த முக்கோணத்திலும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும்.

கையோடு ஒரு கணக்கு

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்கு 8 அடி பிளைவுட் ஏற்ற வேண்டும். லிஃப்டின் உள் உயரம் 7 அடி, ஆழம் 4 அடி. சாய்த்து வைத்தால் நுழையுமா? படம் வரைந்து, செங்கோணத்தில் சதுரம் போட்டு, கர்ணத்தில் 'க' எழுதுங்கள். 49 + 16 = 65. 8-ன் வர்க்கம் 64, மீதி 1, அதை 16-ஆல் வகுத்தால் 0.06. ஆகவே 8.06 அடி. பலகையைவிட முக்கால் அங்குலம்தான் கூடுதல். பலகையின் கனத்தையும், லிஃப்ட் கதவின் உயரம் உள்ளே இருப்பதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், படிக்கட்டு வழியாகத் தூக்கிப் போகச் சொல்லிவிடுங்கள்.